கங்கம்மாவின் கோபம், திரௌபதியின் கூந்தல்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் வெயில் பொசுக்கி எடுக்கும். சித்தூர், புத்தூர், நகரி, திருப்பதி என்று எங்கே போனாலும் பகலில் தெரு வெறிச்சென்று கிடக்கும். அறுப்பு முடிந்திருக்கும். வயலில் வேலை குறைவு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை.

பொழுது சாயட்டும். அப்போது பாருங்கள். ஒரு பக்கம் தப்பு முழங்கும். ஒரு பக்கம் ஆர்மோனியம் கேட்கும். முகத்தில் சாயம் பூசிய ஆள் ஒருவர் நம் வாசல் வழியாக நடந்து போவார். அவர் யார் என்று கேட்டால், "அம்மன்" என்பார்கள். இல்லை என்றால் "பீமன்" என்பார்கள். தெருவே மேடை ஆகிவிடும். நாம் எல்லோரும் கதைக்கு உள்ளே போய்விடுவோம்.

இப்படி எங்கள் பக்கம் கோடையில் நடக்கும் திருவிழாக்களில் இரண்டு பெரியவை. ஒன்று கங்கம்மா ஜாத்திரை. இன்னொன்று பாரதக் கூத்து. இரண்டும் வேறு வேறு கதைகள். ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் நிற்கிறாள். அதிகாரம் உள்ள ஒருவன் அவளை அவமானப்படுத்துகிறான். அவள் அழுதுவிட்டு வீட்டுக்குள் போகவில்லை. அதுதான் இரண்டிலும் கதை.

மலையடிவாரத்துத் தங்கை

ஏழுமலையின் மேலே பெருமாள் இருக்கிறார். மலை அடிவாரத்தில், திருப்பதி ஊருக்குள், கங்கம்மா இருக்கிறாள். தாத்தய்யகுண்டா என்ற இடத்தில் அவள் கோயில் உள்ளது. அவள் பெருமாளுக்குத் தங்கை என்று மக்கள் சொல்கிறார்கள். அதனால் ஜாத்திரை சமயத்தில் திருமலை தேவஸ்தானத்திலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது. பட்டுச் சேலை, மஞ்சள், குங்குமம் எல்லாம் வருகின்றன. அண்ணன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தங்கைக்குச் சீர் செய்துதானே ஆக வேண்டும்?

ஜாத்திரை பெரும்பாலும் மே மாதத்தில் நடக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை இரவு தொடங்கும். அன்று தப்பு அடித்து ஊருக்குச் சொல்வார்கள். இதற்குச் 'சாட்டிம்பு' என்று பெயர். நம் ஊரில் தண்டோரா போடுவது போல. சாட்டிம்பு ஆகிவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் இரவு தங்கக் கூடாது என்பது வழக்கம். அடுத்த செவ்வாய்க்கிழமை பெரிய ஜாத்திரை. புதன்கிழமை விடியலில் முடியும்.

இனி கதையைக் கேளுங்கள். இது வாய் வழியாக வந்த கதை. ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள்.

முன்பு திருப்பதிப் பக்கத்தில் ஒரு பாளையக்காரன் இருந்தான். தெலுங்கில் அவனைப் 'பாலெகாடு' என்பார்கள். (எல்லாப் பாளையக்காரர்களும் கெட்டவர்கள் அல்லர். வெள்ளைக்காரனை எதிர்த்த கட்டபொம்மனும் பாளையக்காரர்தான்.) இந்த ஆள் மோசமானவன். அழகான பெண்ணைக் கண்டால் விட மாட்டான். ஊரில் யாருக்குக் கல்யாணம் ஆனாலும், புதுப்பெண் முதலில் தன்னிடம் வர வேண்டும் என்பான். ஊரே பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தது.

அப்போது அவிலாலா என்ற கிராமத்தில் கங்கம்மா வந்து பிறந்தாள். அவிலாலா திருப்பதிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவள் வளர்ந்து பெரியவள் ஆனாள். பாளையக்காரன் அவளையும் பார்த்தான். அவளும் தனக்கு வேண்டும் என்று கிட்டே வந்தான். கங்கம்மா தன் உண்மையான உருவத்தைக் காட்டினாள். அதைப் பார்த்ததும் அவன் எடுத்தான் ஓட்டம். எங்கேயோ போய் ஒளிந்துகொண்டான்.

அவனைத் தேடிக் கங்கம்மா புறப்பட்டாள். தன் உருவத்தில் போனால் அவன் வெளியே வர மாட்டான். அதனால் ஒவ்வொரு நாளும் ஒரு வேடம் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகத் தேடினாள். ஜாத்திரையில் இந்த வேடங்களைத்தான் நாம் பார்க்கிறோம்.

முதல் நாள், அதாவது புதன்கிழமை, பைராகி வேடம். பைராகி என்றால் ஊர் ஊராகச் சுற்றும் சாமியார். உடம்பு முழுவதும் வெள்ளையாக நாமக்கட்டி பூசிக்கொள்வார்கள். மறுநாள் பண்ட வேடம். உடம்பெல்லாம் குங்குமம். பண்ட என்றால் முரட்டு ஆள். அன்று இந்த வேடம் போட்டவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது வழக்கம். ஒளிந்திருப்பவனுக்கு ரோசம் வந்து வெளியே வரட்டும் என்றுதான் இந்தத் திட்டு. இதைச் சாக்காக வைத்துச் சில வாலிபர்கள் தெருவில் போகும் பெண்களைக் கேலி செய்தால், அவர்கள் கங்கம்மா பக்கம் இல்லை. பாளையக்காரன் பக்கம் போய்விட்டார்கள் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் தோட்டி வேடம். உடம்பில் கரி பூசி வேப்பிலை கட்டிக்கொள்வார்கள். அன்றும் அவன் வெளியே வரவில்லை.

நான்காம் நாள், சனிக்கிழமை, தொர வேடம். தெலுங்கில் 'தொர' என்றால் தமிழில் துரை. பெரிய மனிதர். உடம்பில் சந்தனம் மணக்கும். அன்றுதான் பாளையக்காரன் வெளியே வந்தான். துரை வந்திருக்கிறார், போய்க் கும்பிட்டு வரலாம் என்று வந்தான். கங்கம்மா அவன் தலையை வெட்டினாள்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்று யோசிப்பது உண்டு. சாமியார் வந்தபோது அவன் வரவில்லை. தோட்டி வந்தபோது அவன் வரவில்லை. துரை வந்தபோதுதான் வந்தான். அவன் மதித்தது துரையை மட்டும்தான். அந்தப் புத்தியே அவன் உயிரை வாங்கியது. பள்ளிக்கூடமே பார்க்காத யாரோ ஒருவர்தான் இந்தக் கதையை முதலில் கட்டியிருக்க வேண்டும். எவ்வளவு கூர்மையாகக் கட்டியிருக்கிறார், பாருங்கள்.

தலை விழுந்ததோடு ஜாத்திரை முடியவில்லை. ஐந்தாம் நாள் மாதங்கி வேடம். கங்கம்மா பெண்ணாகவே வருகிறாள். இறந்தவனின் மனைவிக்கு ஆறுதல் சொல்லப் போகிறாள். தப்புச் செய்தவன் அவன். அவன் மனைவி என்ன செய்தாள்? அவளும் ஒரு பெண்தானே? எத்தனையோ பழி வாங்கும் கதைகள் கேட்டிருக்கிறோம். பழி வாங்கியவள் மறுநாள் துக்கம் கேட்கப் போன கதையை வேறு எங்கேயும் நான் கேட்டதில்லை.

ஆறாம் நாள் சுண்ணாம்புக் குண்டலு. குண்டலு என்றால் பானைகள். ஓட்டை போட்ட பானையைத் தலையில் கவிழ்த்து, உடம்பில் சுண்ணாம்பு பூசிக் கரும்புள்ளி வைத்து வருவார்கள்.

சேலை கட்டும் ஆண்கள்

முக்கியமான வேடங்களைக் கட்டும் உரிமை கைகாலா வம்சத்தாருக்கு உண்டு. தலைமுறை தலைமுறையாக அவர்கள் இதைச் செய்து வருகிறார்கள். வேடம் கட்டியவர் வீடு வீடாக வருவார். அந்த நேரத்தில் அவர் ஆள் இல்லை. அவர்தான் அம்மன். பெண்கள் அவர் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கற்பூரம் காட்டுவார்கள்.

அவர்கள் மட்டும் அல்ல. வேண்டிக்கொண்ட யார் வேண்டுமானாலும் வேடம் போடலாம். திருப்பதித் தெருக்களில் அந்த வாரம் ஆண்கள் சேலை கட்டி நடப்பதைப் பார்க்கலாம். மீசைக்காரர் ஒருவர் வளையல் போட்டு, சவுரி வைத்துப் பின்னி, மல்லிகைப்பூ சூடி, தன் மனைவி பக்கத்தில் நடந்து வருவார். யாரும் சிரிப்பது இல்லை. 'புஷ்பா 2' என்ற தெலுங்குப் படம் 2024 டிசம்பரில் வெளிவந்தது. அதில் அல்லு அர்ஜுன் சேலை கட்டி ஆடுவது இந்த ஜாத்திரையை வைத்துத்தான். படம் பார்த்த பிறகு நாடெங்கும் மக்கள் இதைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார்கள். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அது புதிது இல்லை.

கடைசி நாள் இரவு கோயில் முன்னால் களிமண்ணால் கங்கம்மாவின் பெரிய முகம் செய்து வைப்பார்கள். அதுதான் அவளுடைய விசுவரூபம். விடியும் நேரத்தில் பேரண்டாலு வேடம் போட்டவர் வந்து அதைக் கலைப்பார். பேரண்டாலு என்றால் சுமங்கலிப் பெண். கலைத்த மண்ணுக்குக் கூட்டம் முட்டி மோதும். ஒரு பிடி மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள்.

கங்கம்மா ஜாத்திரை திருப்பதியில் மட்டும் நடப்பது இல்லை. சித்தூரில் நடக்கிறது. குப்பத்தில் நடக்கிறது. ஆனால் இத்தனை வேடத்தோடு நடப்பது திருப்பதியில்தான்.

பதினெட்டு நாள் பாரதம்

அடுத்தது பாரதம். அதாவது மகாபாரதக் கதை. எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் தருமராஜர் கோயில் இருக்கும். தமிழ்நாட்டுப் பக்கம் போனால் அதையே திரௌபதி அம்மன் கோயில் என்பார்கள். உள்ளே பஞ்சபாண்டவர்களும் திரௌபதியும் கிருஷ்ணரும் இருப்பார்கள்.

முதலில் ஒரு செய்தி. சித்தூரும் வேலூரும் ஒரு காலத்தில் ஒரே மாவட்டம். வட ஆற்காடு என்று பெயர். 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. 1960ஆம் ஆண்டில் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது. 2022ஆம் ஆண்டில் சித்தூரிலிருந்து திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. இப்படிக் கோடு பல தடவை மாறிவிட்டது. பாரதம் மட்டும் கோட்டின் இரண்டு பக்கமும் நடந்துகொண்டே இருக்கிறது. சில ஊர்களில் தெலுங்கில் நடக்கும். சில ஊர்களில் தமிழில் நடக்கும். தெலுங்கில் வீதி நாடகம். தமிழில் தெருக்கூத்து. வீதி என்றாலும் தெரு என்றாலும் ஒன்றுதான்.

பாரதம் பல ஊர்களில் பதினெட்டு நாள் நடக்கும். குருட்சேத்திரப் போரும் பதினெட்டு நாள்தானே? வசதி குறைந்த ஊரில் பத்து நாளில் முடித்துக்கொள்வார்கள். முதலில் கொடி ஏற்றிக் காப்புக் கட்டுவார்கள். பிறகு தினமும் மதியத்தில் கதை. இரவில் கூத்து.

மதியக் கதையைப் படித்த ஒருவர் சொல்வார். தமிழில் சொல்கிறவர் வில்லிபுத்தூரார் எழுதிய பாரதத்தைப் பாடிப் பொருள் சொல்வார். தெலுங்கில் அதை அரிகதை என்பார்கள். மரத்தடியில், பந்தலில், வயதானவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். எழுத்தே தெரியாத நம் பாட்டிக்குப் பாரதத்தில் யார் மகன் யார், யார் யாரைக் கொன்றார் என்பதெல்லாம் தலைகீழ்ப் பாடமாகத் தெரியும். எப்படி? ஒவ்வொரு கோடையிலும் இப்படிக் கேட்டுத்தான்.

மதியம் காதால் கேட்ட கதையை இரவில் கண்ணால் பார்ப்பார்கள்.

கூத்துக் களரி

கூத்துக் கூட்டத்துக்கு 'ஜமா' என்று பெயர். ஒரு ஜமாவில் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். சொல்லிக் கொடுப்பவர் வாத்தியார். ஆர்மோனியம், மிருதங்கம், டோலக், தாளம் எல்லாம் உண்டு. முகவீணை என்று ஒன்று இருக்கிறது. வீணை என்று பெயர் இருந்தாலும் அது ஊதுகிற வாத்தியம். நாதஸ்வரத்தின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும். அதன் சத்தம் இரவில் வெகு தூரம் கேட்கும். இன்று முகவீணை ஊதுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கினால் விடிய விடிய ஆட்டம். முன்பு தீவட்டி வெளிச்சம். பிறகு பெட்ரோமாக்ஸ் விளக்கு வந்தது. இப்போது டியூப் லைட்டும் மைக்கும் இருக்கின்றன. ஆடும் இடத்துக்குக் களரி என்று பெயர். அதற்கு மேடை வேண்டாம். தெருவோ திடலோ போதும். மூன்று பக்கம் மக்கள் உட்காருவார்கள். ஒரு பக்கம் பாட்டுக்காரர்கள்.

முதலில் வருகிறவர் கட்டியங்காரன். இவர் கோமாளி. ஆனால் சாதாரணக் கோமாளி இல்லை. கதைக்கும் நமக்கும் நடுவில் நிற்கிற ஆள். துரியோதனனிடம் பேசிக்கொண்டே இருப்பார். திடீரென்று நம் பக்கம் திரும்பி ரேஷன் அரிசி பற்றிப் பேசுவார். செல்போனைப் பற்றிப் பேசுவார். ஊர்ப் பெரிய மனிதரையே கிண்டல் செய்வார். கிண்டலுக்கு ஆளானவரும் சேர்ந்து சிரித்தாக வேண்டும்.

பெரிய வேடம் வரும்போது இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடிப்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம் கேட்கும். கிரீடத்தின் நுனி மட்டும் தெரியும். பாட்டு ஏறும். தாளம் ஏறும். பிள்ளைகள் அம்மாவின் மடியில் ஒட்டிக்கொள்வார்கள். திரை விலகும். ராஜா சுழன்று வந்து நிற்பார்.

கிரீடம், தோளில் கட்டும் புஜக்கட்டை, மார்பில் கட்டும் பதக்கம் எல்லாம் மரத்தில் செய்தவை. அவற்றில் கண்ணாடிச் சில்லும் பொன் நிறக் காகிதமும் ஒட்டியிருப்பார்கள். மரக்கட்டையில் செய்ததால் இந்த வேடத்துக்குக் கட்டை வேடம் என்று பெயர். கூத்தையே கட்டைக் கூத்து என்று சொல்கிறவர்களும் உண்டு. எடை குறைந்த மரம்தான். ஆனாலும் விடியும் வரை அதைச் சுமந்துகொண்டு குதித்துப் பாடி ஆட வேண்டும். நாம் ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு பத்து அடி நடந்தாலே மூச்சு வாங்குகிறது.

பகாசுரன் வதம் நடக்கும் நாளில் பீமன் மாட்டு வண்டியில் ஏறித் தெருத் தெருவாக வருவார். வீட்டுக்கு வீடு சோறும் பலகாரமும் கொண்டுவந்து போடுவார்கள். பீமன் வண்டியில் உட்கார்ந்தபடியே சாப்பிடுவார். அர்ச்சுனன் தபசு நாளில் உயரமான ஒரு கம்பம் நடுவார்கள். பல ஊர்களில் அது ஒரு பனைமரம். அர்ச்சுனன் வேடம் போட்டவர் ஒவ்வொரு படியாகப் பாடிக்கொண்டே ஏறுவார். சிவனிடம் ஆயுதம் கேட்டுத் தவம் செய்ய ஏறுகிறார். உச்சிக்குப் போனதும் மேலே இருந்து வில்வ இலை, எலுமிச்சம்பழம் எல்லாம் போடுவார். குழந்தை இல்லாத பெண்கள் கீழே முந்தானையை ஏந்தி நிற்பார்கள். பழம் விழுந்தால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. அந்த முகங்களைப் பார்த்தால் மனசு கனத்துப் போகும். குழந்தை இல்லாததற்குக் காரணம் ஆணிடமும் இருக்கலாம் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் மரத்தடியில் முந்தானை ஏந்தி நிற்பது பெண்தான்.

மன்னிப்புக் கேட்கும் துச்சாதனன்

பாரதத்தில் முக்கியமான இரவு எது என்று கேட்டால், நான் பகடை துயில் என்றுதான் சொல்வேன். பகடை என்றால் சூதாட்டக் காய். துயில் என்பது இங்கே துகில், அதாவது சேலை.

கதை உங்களுக்குத் தெரியும். தருமர் சூதாடுகிறார். நாட்டைத் தோற்கிறார். தம்பிகளைத் தோற்கிறார். தன்னைத் தோற்கிறார். கடைசியில் மனைவியையும் வைத்துத் தோற்கிறார். துச்சாதனன் போய்த் திரௌபதியின் கூந்தலைப் பிடித்துச் சபைக்கு இழுத்து வருகிறான். பெரியவர்கள் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்போது திரௌபதி ஒரு கேள்வி கேட்கிறாள். "தன்னையே தோற்றுவிட்ட ஒருவர் என்னை வைத்து ஆட என்ன உரிமை?" என்று கேட்கிறாள். சபையில் யாரும் பதில் சொல்லவில்லை. துச்சாதனன் அவள் சேலையில் கை வைக்கிறான்.

கூத்தில் அந்த இடம் வரும்போது ஆட்டம் நிற்கும். துச்சாதனன் வேடம் போட்டவர் கைகூப்புவார். கற்பூரம் ஏற்றுவார்கள். "தாயே, இது வேடம். நான் உன் பிள்ளை. என்னை மன்னித்துக்கொள்" என்கிற மாதிரி வேண்டிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் சேலையைத் தொடுவார். சில சமயம் அந்த நடிகருக்கே அருள் வந்துவிடும். நாலு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். கூட்டத்தில் பெண்கள் எழுந்து கும்பிடுவார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த நாளில் யாரும் தூங்குவது இல்லை.

திரௌபதி அன்று சபதம் செய்கிறாள். துரியோதனனின் ரத்தத்தைப் பூசும் வரை கூந்தலை முடிய மாட்டேன் என்கிறாள். அதற்குப் பிறகு நடக்கும் கூத்து எல்லாவற்றிலும் அவள் கூந்தல் விரிந்தே இருக்கும்.

கடைசி நாள் படுகளம். இது இரவில் இல்லை, பகலில் நடக்கும். ஊருக்கு வெளியே திடலில் மண்ணால் துரியோதனன் உருவம் செய்திருப்பார்கள். மல்லாந்து படுத்த உருவம். முப்பது அடி, நாற்பது அடி என்று ஊருக்கு ஊர் நீளம் மாறும். தொடையில் சிவப்புத் தண்ணீர் உள்ள பானையைப் புதைத்திருப்பார்கள். பீமனும் துரியோதனனும் அந்த உருவத்தைச் சுற்றிச் சுற்றி ஓடிச் சண்டை போடுவார்கள். பீமன் கதையால் தொடையில் அடிப்பான். பானை உடையும். ரத்தம் வரும். திரௌபதி அதை எடுத்துத் தலையில் தடவிக் கூந்தலை முடிப்பாள்.

ஊரே காத்திருந்த நேரம் அது. முடிந்த கூந்தலில் பூ வைக்கும்போது குலவைச் சத்தம் காதை அடைக்கும்.

ஆனால் இங்கேயும் ஒரு மனைவி இருக்கிறாள். துரியோதனனின் மனைவி வேடம் போட்டவர் வந்து மண் உருவத்தின் பக்கத்தில் விழுந்து ஒப்பாரி வைப்பார். கொஞ்சம் முன்னால் குலவை போட்ட பெண்களே இப்போது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். மாதங்கி நினைவுக்கு வருகிறாள், இல்லையா?

அன்று மாலையில் தீமிதி. காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் துணியோடு நெருப்பில் நடப்பார்கள்.

இந்தத் தீமிதியும் கதையும் கடலையும் தாண்டியிருக்கின்றன. வெள்ளைக்காரர்கள் காலத்தில் நம் மக்கள் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலியாகக் கப்பலில் போனார்கள். போகும்போது திரௌபதியையும் கூட்டிக்கொண்டு போனார்கள். சிங்கப்பூரில் மாரியம்மன் கோயிலில் இன்றும் தீமிதி நடக்கிறது. பிஜித் தீவில் நடக்கிறது. ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் ரீயூனியன் என்று ஒரு தீவு இருக்கிறது. அங்கே கூத்தும் உண்டு. அதை அவர்கள் 'பால் தமுல்' என்கிறார்கள். பிரெஞ்சு மொழியில் 'தமிழர் ஆட்டம்' என்று அர்த்தம். அங்கே இருப்பவர்களில் பலருக்குத் தமிழ் பேச வராது. பாட்டு மட்டும் தமிழில் நிற்கிறது.

ஏன் பெண் ஆடவில்லை?

இவ்வளவு படித்த பிறகு உங்களுக்கு ஒரு கேள்வி வந்திருக்கும். எனக்கும் வந்தது. கங்கம்மா பெண். திரௌபதி பெண். வேடம் கட்டுகிறவர்கள் மட்டும் ஏன் ஆண்கள்?

பழைய காலத்தில் பெண்கள் இரவில் ஊர் ஊராகப் போய் ஆடுவதை யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. மாதவிலக்கு, தீட்டு என்றும் சொன்னார்கள். அதனால் ஆண்களே பெண் வேடம் போட்டார்கள். நன்றாகவும் போட்டார்கள். திரௌபதி வேடத்துக்கென்றே பெயர் எடுத்த நடிகர்கள் பல ஊர்களில் உண்டு. அவர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. இருந்தாலும் பெண்ணின் கோபத்தைப் பெண்ணே ஆடிக் காட்டினால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசை வரத்தானே செய்யும்?

எல்லையைத் தாண்டித் தெற்கே போனால் காஞ்சிபுரம். அங்கே ராஜகோபால் என்ற கூத்துக் கலைஞர் இருக்கிறார். சிறு வயதிலேயே ஆட வந்தவர். அவரும் மற்றக் கலைஞர்களும் 1990ஆம் ஆண்டில் கட்டைக்கூத்துச் சங்கம் தொடங்கினார்கள். நெதர்லாந்து நாட்டிலிருந்து வந்த ஹன்னே டி புருயின் என்ற அம்மாவும் இதில் சேர்ந்து உழைத்தார். 2002ஆம் ஆண்டில் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு குருகுலம் தொடங்கினார்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் பாடமும் படித்தார்கள். கூத்தும் படித்தார்கள். அங்கே பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். அவர்களும் கிரீடம் வைத்து, கட்டை வேடம் கட்டி, விடிய விடிய ஆடினார்கள். அம்மன் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தக் குருகுலம் 2020ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அங்கே படித்தவர்கள் இன்றும் ஆடுகிறார்கள்.

2020ஆம் ஆண்டு என்றதும் கொரோனா நினைவுக்கு வரும். அந்தக் கோடையில் எங்கேயும் பாரதம் நடக்கவில்லை. அடுத்த கோடையிலும் நிலைமை அதேதான். கூத்துக்காரருக்கு வருமானம் வருவது பங்குனி முதல் ஆடி வரைக்கும்தான். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்தால்தான் அவருக்கு அந்த வருடம் ஓடும். மழைக் காலத்தில் கூலி வேலைக்குப் போவார்கள். கட்டட வேலைக்குப் போவார்கள். இரண்டு கோடை போனதில் பலர் கடன்பட்டார்கள். சிலர் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். கிரீடம் கட்டிய தலையில் சித்தாள் சட்டி சுமந்தார்கள்.

இப்போது மறுபடியும் ஊர்களில் பாரதம் நடக்கிறது. சில ஊர்களில் கூத்துக்குப் பதிலாக சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். கச்சேரி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு நாள் அதுவும் இருக்கட்டும். ஆனால் படுகளத்தைக் கச்சேரிக்காரர் செய்ய முடியாது. கூந்தலை முடிக்காமல் திரௌபதியை எப்படி விடுவது?

பாரதம் நடக்கும் ஊரில் முன்கூட்டியே நோட்டீஸ் ஒட்டுவார்கள். மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புக் காகிதத்தில் இருக்கும். டீக்கடைச் சுவரிலும் பஸ் நிற்கும் இடத்திலும் பார்க்கலாம். எந்தத் தேதியில் எந்த ஆட்டம் என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். நிதானமாகப் படித்துப் பாருங்கள். திரௌபதி கல்யாணம், பகாசுரன் வதம், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம் என்று இருக்கும். ஜமாவின் பெயரும் வாத்தியார் பெயரும் கீழே இருக்கும். ஒரு நாள்தான் போக முடியும் என்றால் பகடை துயில் என்று போட்டிருக்கும் நாளுக்குப் போங்கள். முன் வரிசையில் இடம் வேண்டும் என்றால் ஒன்பது மணிக்கே பாயோடு போய்விட வேண்டும். விடியற்காலையில் பனி இறங்கும். பிள்ளைகளுக்கு ஒரு போர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள்.